ஹோக்கிமுக்கு ஊற்றிய தேநீர்

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் என்னை வீராங்கனை என்று தூக்கிவைத்துப் பேச வேண்டாம். நாய் குரைத்தால் கதவைச் சாத்துவேன். போலீஸ்காரன் தெருவில் நடந்தால், என்மேல் ஒரு குற்றமும் இல்லாதபோதே, ஓரமாக ஒதுங்கி நிற்பேன். என் புருஷன் இதற்கு நேர் எதிர். பெயர் சாபிர். பொறுமைசாலி என்று அர்த்தம். பொறுமைக்கும் அந்த மனுஷனுக்கும் ஏழாம் பொருத்தம்.

அந்த வருஷம் பருத்தி எடுப்பின்போது அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பெரிய குற்றம் ஒன்றுமில்லை, வாய்தான்.

பருத்தி வெடித்துவிட்டால் எங்கள் மாவட்டத்தில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தபாலாபீஸ் எல்லாமே வயலுக்குப் போய்விடும். வாத்தியார், நர்ஸ், சின்னப் பிள்ளைகள், எல்லோரும் இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு பஞ்சு எடுக்க வேண்டும். கூலி என்று கேட்டால் முறைப்பார்கள். இதற்கு ஹஷர் என்று பேர் வேறு வைத்திருந்தார்கள். ஹஷர் என்பது நல்ல பேர். ஒருவன் வீடு கட்டினால் தெருவே கூடி மண் சுமக்கும், வீட்டுக்காரன் எல்லோருக்கும் சோறு போடுவான், அதுதான் ஹஷர். அந்தப் பேரைத் திருடி இந்த வெட்டி வேலைக்கு ஒட்டிவிட்டார்கள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

எங்கள் மகள் ஷாயிஸ்தாவுக்குக் காய்ச்சல். காய்ச்சலோடு வயலில் விழுந்து கிடந்தவளை சாபிர் போய்த் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். அத்தோடு விட்டிருக்கலாம். சாயங்காலம் தேநீர்க்கடையில் உட்கார்ந்து எல்லோர் காதிலும் விழும்படி பேசியிருக்கிறார்.

"புள்ளைங்க பள்ளிக்கூடம் போகணும். பஞ்சு வேணும்னா கூலி குடுத்து ஆள் வைக்கட்டும். அதுவும் போகட்டும், நம்ம மஹல்லாவுக்கு யார் தலைவருன்னு மேலே இருக்கிறவன் எதுக்குச் சொல்றான்? நம்ம தெருவுக்கு நாமதானே கை தூக்கணும்?"

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டியிருக்கிறார்கள். ஆட்டிய தலைகளில் ஒன்று போய்ப் போட்டுக்கொடுத்துவிட்டது. மறுநாள் காலையில் வாசலில் கார் நின்றது.

அதற்குப் பிறகு தினமும் ரொட்டி எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்கு நடந்தேன். ரொட்டியை வாங்கிக்கொள்வார்கள், ஆளைக் காட்ட மாட்டார்கள். எனக்கு இருந்த பயம் இந்த நிலையத்தைப் பற்றியது அல்ல. இங்கிருந்து நகரத்துச் சிறைக்கு அனுப்பிவிடுவார்களோ என்பதுதான். முந்தின வருஷம் கீழ்த்தெரு தையல்காரர் ஹக்பெர்தியை அப்படித்தான் அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது துணி சுற்றி வந்தார். முகத்தைத் திறந்து பார்க்காமல் அடக்கம் செய்யச் சொன்னார்கள். அந்தத் துணி என் கண்ணைவிட்டுப் போகவே இல்லை.

அப்போதுதான் தூர்சுன்பாய் என் வீட்டுக்கு வந்தார். எங்கள் நாலு தெருவும் சேர்ந்த மஹல்லாவுக்குத் தலைவர். மாவட்டத்தை ஆளும் பெரிய மனிதரை ஹோக்கிம் என்போம். அவர் கைகாட்டி வைத்த தலைவர் இவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மேலே இருப்பவர் காக்கை வெள்ளை என்றால் இவர் பால்வெள்ளை என்பார், அவ்வளவுதான்.

"சபோஹத், நாளைக்கு ஹோக்கிம் வர்றார்" என்றார். "டிவிக்காரங்களும் கூட வர்றாங்க. மஹல்லா கூடத்துல ஜனங்களோட உக்காந்து டீ குடிக்கப் போறார். நீதான் அவருக்கு ஊத்தணும்."

"நானா? எதுக்குண்ணே நான்?"

"சாபிரோட சம்சாரம்னு நான் சொல்லுவேன். அவர், குறை ஏதும் உண்டாம்மான்னு கேப்பார். நீ, ஒரு குறையும் இல்லீங்க, சந்தோஷமா இருக்கோம்னு சொல்லணும். அவ்வளவுதான் வேலை. பொழுது சாயுறதுக்குள்ள உன் வீட்டுக்காரர் வீட்டுல இருப்பார்."

"சொல்லலேன்னா?"

தொப்பியைக் கழற்றித் தட்டிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். "நகரத்துக்கு அனுப்பிருவாங்கம்மா. என் கையில ஒண்ணுமில்ல."

அவர் தலை மறைந்ததும் பக்கத்து வீட்டு மவ்ஜூதா அக்கா வந்தாள். சுவரில் காதை ஒட்டவைத்துக்கொண்டே பிறந்தவள்.

"எல்லாம் கேட்டேன்" என்றாள்.

"கேக்காம இருந்தாத்தான் ஆச்சரியம்."

"சொல்லிடுடி. ஒரு பொய்யில ஒரு உசுரு மிஞ்சுதுன்னா அல்லா கோவிச்சுக்க மாட்டான். எம்புருஷன் இருந்தவரைக்கும் நான் தினமும் நாலு பொய் சொன்னேன். எதுக்குச் சொன்னேன்னே எனக்குத் தெரியாது."

எனக்கென்ன, மறுப்பு ஒன்றுமில்லை. சொல்லத்தான் போகிறேன். ஊர் நியாயம் எல்லாம் என் புருஷன் வீட்டுக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆனால் நாக்கு எனக்குத் துணைவருமா என்பதுதான் சந்தேகம். அடுப்பு ஊதும்போது சொல்லிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லீங்க, சந்தோஷமா இருக்கோம். பால் கறக்கும்போது மாட்டிடம் சொன்னேன். அது ஒன்றுதான் நம்பியது.

மறுநாள் கூடம் கல்யாணவீடு மாதிரி இருந்தது. தரையில் புதுக் கம்பளம், நடுவில் நீள விரிப்பு, அதில் திராட்சை, மாதுளை, முலாம்பழம். எல்லாம் ஹோக்கிமின் வண்டிகளுக்கு முன்னால் இன்னொரு வண்டியில் ஏறி வந்தவை. படம் எடுத்து முடிந்ததும் ஏறிப் போய்விடும். "புள்ளைங்க யாரும் பழத்துல கை வைக்கப்படாது" என்று தூர்சுன்பாய் இரண்டு தரம் சொல்லிவிட்டார்.

ஆண்களில் பாதிப் பேர் ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போயிருந்தார்கள். மீதிப் பேர் சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தேநீர் ஊற்றப் பெண்கள் நாங்கள் நின்றோம்.

ஹோக்கிம் ஒல்லியான மனிதர். ராத்திரி முழுக்கத் தூங்காதவர் மாதிரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் அவருடைய துணை அதிகாரி, இளைஞன், பளபளக்கும் காலணியைக் கழற்றவே மனமில்லாமல் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தான். காமிரா என் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

"இவங்கதான் சாபிரோட சம்சாரம்" என்றார் தூர்சுன்பாய்.

"அப்படியா! நல்லா இருக்கீங்களாம்மா?" என்றார் ஹோக்கிம், என்னைப் பார்த்து அல்ல, காமிராவைப் பார்த்து. "மனசுவிட்டுப் பேசுங்க. ஏதாச்சும் குறை உண்டா?"

முதலில் தேநீர், பிறகு பேச்சு. அதுதான் முறை. கெண்டியிலிருந்து கிண்ணத்தில் ஊற்றினேன், திரும்பக் கெண்டியிலேயே விட்டேன். இப்படி மூன்று முறை செய்த பிறகுதான் விருந்தாளிக்கு ஊற்றுவோம். ஊற்றும்போது என் மனசு முழுக்க அந்த ஒரு வரிதான். ஒரு குறையும் இல்லீங்க. ஒரு குறையும் இல்லீங்க. நடுவில் அந்தத் துணி வந்து நின்றது. திறக்காத துணி. கை வெடவெடவென்று ஆட ஆரம்பித்தது. கெண்டியின் மூக்கு கிண்ணத்தில் இடித்து டக்டக்கென்று சத்தம் போட்டது. கையை அடக்கவேண்டும் என்று இறுக்கிப் பிடித்தேன். பார்த்தால் கிண்ணம் விளிம்புவரை நிறைந்து நிற்கிறது.

சுவரோரம் இருந்தவர்கள் கழுத்தை நீட்டிக் கிண்ணத்தைப் பார்த்தார்கள்.

விருந்தாளிக்கு அரைக்கிண்ணம் ஊற்றுவதுதான் எங்கள் மரியாதை. இருங்கள், குடிக்கக் குடிக்க ஊற்றுகிறேன் என்று அதற்குப் பொருள். நிறைய ஊற்றினால், குடித்துவிட்டு எழுந்து போ என்று பொருள். வாயைத் திறந்து வெளியே போ என்பதைவிட மோசம். பிடிக்காத சம்பந்தம் பேச வந்தவர்களுக்குக்கூட முக்காலுக்கு மேல் ஊற்ற மாட்டோம். நான் மாவட்டத்தின் ஹோக்கிமுக்கு, காமிரா முன்னால், விளிம்பு தட்ட ஊற்றி வைத்திருக்கிறேன்.

தூர்சுன்பாயின் முகம் சுண்ணாம்பு ஆகிவிட்டது. துணை அதிகாரி ஹோக்கிமைப் பார்த்தான். ஹோக்கிம் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு, பரவாயில்லை, சிரித்தார்.

"கை நடுங்கிடுச்சு. அவ்வளவுதானேம்மா?"

வழி விடுகிறார் மனுஷன். தப்பித்துக்கொள் என்கிறார். எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

"ஆமாங்க. நடுங்கிடுச்சுங்க" என்றேன்.

"பாத்தீங்களா. பாவம், பயந்துட்டாங்க. பயப்பட என்ன இருக்கு? சொல்லுங்க, குறை உண்டா?"

"ஒரு குறையும்..." என்று ஆரம்பித்தேன். மாட்டிடம் சொன்னபோது எவ்வளவு சுலபமாக வந்தது! இப்போது அந்த வார்த்தைக்கு அப்பால் நாக்கு நகரவில்லை. என் கையைப் பார்த்தேன். இன்னும் ஆடிக்கொண்டே இருந்தது. "ஒரு குறையும் இல்லேன்னா என் கை ஏங்க இப்படி நடுங்குது?"

சத்தியமாகச் சொல்கிறேன், எதிர்த்துக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டேன். ஆனால் கேட்ட பிறகு வாய் நிற்கவில்லை. பயத்தில் சிலருக்கு வாய் அடைக்கும். எனக்கு அன்றைக்கு மடை திறந்துகொண்டது.

"ஊருக்கு வந்த விருந்தாளிக்கு டீ ஊத்த நான் எதுக்குங்க பயப்படணும்? எம்பொண்ணுக்குக் காய்ச்சல். பன்னெண்டு வயசுப் புள்ள, பஞ்சு மூட்டைக்குப் பக்கத்துல விழுந்து கெடந்தா. அவ அப்பா தூக்கிட்டு வந்தாரு. டீக்கடையில நாலு வார்த்தை பேசினாரு. அதுக்குப் பிடிச்சு வெச்சிருக்கீங்க. டீக்கடையில குறை சொன்னா தப்புன்னா, இங்க வந்து குறை உண்டான்னு ஏங்க கேக்குறீங்க? சொல்லணுமா, சொல்லக்கூடாதா? எனக்குப் புரியலீங்க. தூர்சுன்பாய் அண்ணனுக்கும் புரியல. அவர் உங்களைப் பாத்து நடுங்குறாரு, நாங்க அவரைப் பாத்து நடுங்குறோம். நாங்க தேர்ந்தெடுத்த தலைவரா இருந்தா, ஒரு ஆளாச்சும் எங்களைப் பாத்துக் கொஞ்சம் நடுங்குவாருல்ல?"

"நிறுத்து!" என்று துணை அதிகாரி கத்தினான். என்னையா, காமிராவையா என்று தெரியவில்லை. இரண்டுமே நின்றுவிட்டன.

அப்போது மவ்ஜூதா அக்கா பக்கத்தில் வந்து என் கையிலிருந்த கெண்டியைப் பிடுங்கினாள். என்னைக் காப்பாற்றத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அவள் துணை அதிகாரியின் முன்னால் குனிந்து அவன் கிண்ணத்தில் ஊற்றினாள். பாதி தாண்டியது, முக்கால் தாண்டியது, விளிம்பில் வந்து நின்றது.

"குடிங்க தம்பி, சூடு ஆறிடும். என் கை நடுங்கலை, பாத்துக்கோங்க."

பின்னால் இன்னொரு கெண்டிச் சத்தம் கேட்டது. நர்ஸ் குல்சாரா ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்புறம் தபாலாபீஸ்காரி. வண்டிகளில் வந்த அத்தனை பேருக்கு முன்னாலும் கிண்ணங்கள் நிறைந்து ஆவி பறந்தது. ஒருத்தரும் ஒரு வாய் குடிக்கவில்லை. ஹோக்கிம் எழுந்தார், காலணியை மாட்டினார், போய்விட்டார். கம்பளமும் பழமும் பின்னாலேயே ஓடின.

வண்டிச் சத்தம் அடங்கியதும் தூர்சுன்பாய் என்னிடம் வந்தார். அவருக்குக் கோபம்கூட வரவில்லை, குரல்தான் உடைந்திருந்தது. "என்ன காரியம் பண்ணித் தொலைச்சே சபோஹத்! உம்புருஷனை நீயே கொன்னுட்டியேம்மா."

நான் கூடத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். மவ்ஜூதா அக்கா என் தலையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் என் நெற்றியில் தந்தி அடித்தன. "இப்பத்தாண்டி எனக்கு நடுங்குது" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும், என்னைப் பிடிக்க வந்தால் எடுத்துப்போக ஒரு மூட்டை கட்டினேன். கம்பளிச் சால்வை, காய்ந்த ரொட்டி, சோப்பு, மாற்றுத் துணி. ஷாயிஸ்தா கேட்டாள், "அம்மா, அப்பாவை நகரத்துக்கு அனுப்பிருவாங்களா?" போர்வையை இழுத்து மூடிவிட்டேன். அவள் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை.

விடிந்ததும் கார் வந்தது. மூட்டையை எடுத்துக்கொண்டு, மகளைக் கட்டி முத்தம் கொடுத்துவிட்டு, வாசலுக்கு வந்தேன். ஒரு லெப்டினன்ட் இறங்கினான். என்னைப் பார்த்தான். அப்புறம் எனக்குப் பின்னால் பார்த்தான், எதிரே பார்த்தான்.

மவ்ஜூதா அக்கா தன் வாசலில் நின்றாள், கையில் மூட்டை. எதிர்வீட்டில் குல்சாரா, கையில் மூட்டை. தபாலாபீஸ்காரி மூட்டையோடு கூடவே ஒரு தலையணையும். தெரு நெடுக, நேற்று கெண்டியைத் தொட்ட அத்தனை பெண்களும் வாசலில் நின்றார்கள். இது ஏற்பாடு என்று போலீஸில் பிறகு எழுதிக்கொண்டார்கள். ஏற்பாடா, மண்ணாங்கட்டியா! ஒருத்தியும் ஒருத்தியிடமும் பேசவில்லை. கார் தனக்காகத்தான் வந்திருக்கிறது என்று ஒவ்வொருத்தியும் பயந்துபோய் ராத்திரியே மூட்டை கட்டியிருக்கிறாள்.

"யாருக்குப்பா வந்திருக்கே?" என்று மவ்ஜூதா அக்கா கேட்டாள். "எனக்குத்தானே? துணை அதிகாரிக்கு ஊத்தினது நாந்தான்."

"நானும் ஊத்தினேன்" என்றாள் குல்சாரா. அழுதுகொண்டேதான் சொன்னாள்.

"சபோஹத் மட்டும்தான்" என்றான் லெப்டினன்ட்.

"அதெப்படி? அவளாவது கை நடுங்கி ஊத்தினா. நான் வேணும்னே ஊத்தினேன். பெரிய குத்தவாளியை விட்டுட்டுச் சின்னக் குத்தவாளியைப் புடிக்கிற ஊரு எந்த ஊரு?"

அவன் தள்ளிப் போய் போனில் பேசினான். மறுமுனையில் கத்துவது எங்களுக்கே கேட்டது: எல்லாத்தையும் அள்ளிட்டு வா! ஒரு காரில் எத்தனை பேரை அள்ளுவது? கடைசியில் தினமும் எங்களை வயலுக்கு ஏற்றிப்போகும் அதே பேருந்தை வரவழைத்தார்கள்.

காவல் நிலையத்தில் எங்களை அடைக்க அறை இல்லை. முற்றத்தில் உட்கார வைத்தார்கள். யாரும் அடிக்கவில்லை. ஆனால் உள்ளே எங்கோ ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டாலே அத்தனை பேரும் ஒன்றாக ஒடுங்கினோம். சாபிர் அங்கேதான் இருக்கிறாரா, நகரத்துக்கு அனுப்பிவிட்டார்களா? கேட்டவனெல்லாம் தெரியாது என்றான். நான் மடியில் மூட்டையை வைத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த துஆவையெல்லாம் திரும்பத் திரும்ப ஓதினேன்.

சாலைக்கு அந்தப் பக்கம் எங்கள் வயல். வெடித்து வெள்ளையாகக் கிடந்தது. ஒரு ஆள் இல்லை. இருக்கிற கைகள் எல்லாம் இங்கே முற்றத்தில் அல்லவா உட்கார்ந்திருக்கின்றன? மதியத்துக்கு மேல் மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. வெடித்த பஞ்சில் மழை விழுந்தால் தொலைந்தது. நிலைய அதிகாரியின் ஜன்னல் திறந்திருந்தது. போன் அடிக்கும்போதெல்லாம் அவர் எழுந்து நின்று பேசினார்.

"என்னடி இது, தொழுகை மாதிரி எழுந்து எழுந்து உக்காருறான்" என்றாள் மவ்ஜூதா அக்கா. பயத்தின் நடுவிலும் நாலு பேர் சிரித்துவிட்டோம்.

காற்றில் ஈரம் வந்த நேரத்தில் ஹோக்கிமே வந்தார். காமிரா இல்லை. நேரே எங்கள் முன்னால் வந்து நின்றார். நெற்றியெல்லாம் வியர்வை. அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார், அவர் கேட்டால் இவரும் நடுங்குவார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷம் அது ஏன் எனக்குத் தெரியவில்லை?

"மழை வருது" என்றார். "உங்களுக்கு என்னதான் வேணும்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உட்கார்ந்தபடியே சொன்னேன். "எம்புருஷன்."

"சரி. அப்புறம்?"

"புள்ளைங்க பள்ளிக்கூடம் போகணும்."

"பாக்கலாம்."

"பாருங்க பாருங்க" என்றாள் மவ்ஜூதா அக்கா. "நாங்களும் இங்க உக்காந்து மழையைப் பாக்குறோம்."

அவர் மலையைத் திரும்பிப் பார்த்தார். "இந்த எடுப்பு முடியுறவரைக்கும் புள்ளைங்க வர வேண்டாம். போதுமா?"

"தலைவரை நாங்களே..." என்று குல்சாரா ஆரம்பித்தாள். அது அவர் காதில் விழாதது போல உள்ளே போய்விட்டார்.

சாபிரைக் கூட்டிவந்தார்கள். காலில் செருப்பு இல்லை. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. மறு கண்ணால் முற்றத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மடியிலிருந்த மூட்டையைப் பார்த்தார். தேநீர்க்கடையே அதிரப் பேசும் மனுஷன், அப்படியே சுவரில் சாய்ந்து அழுதார்.

"உன்னையுமா சபோ புடிச்சிட்டு வந்துட்டாங்க?"

"இல்லீங்க" என்றேன். "உங்களைக் கூட்டிட்டுப் போக வந்தோம்."

இதை மட்டும் தடுமாறாமல் சொல்லிவிட்டேன். அவரைப் பேருந்தில் முன்னிருக்கையில் உட்காரவைத்துவிட்டு, மழை பிடிக்கும்வரை நாங்கள் பஞ்சு எடுத்தோம்.

பிள்ளைகள் அந்த எடுப்புக்கு மட்டும் பள்ளிக்கூடம் போனார்கள். அடுத்த வருஷத்துக்கு மறுபடி சண்டை போட வேண்டியிருந்தது. தூர்சுன்பாய்தான் இன்னமும் தலைவர். ஆனால் என் வீட்டுக்கு வந்தால் இப்போது கதவைத் தட்டிவிட்டு வெளியே நிற்கிறார்.

என் பயம் போய்விட்டதா என்று கேட்கிறார்கள். எங்கே போகும்? காலையில் கார் சத்தம் கேட்டால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறேன். மவ்ஜூதா அக்கா அதற்கு முன்பே வந்து நிற்கிறாள். போன வாரம் வந்தது உருளைக்கிழங்கு விற்கிறவன். தெரு நெடுக மூட்டையும் கையுமாக நின்ற பெண்களைப் பார்த்து மிரண்டுபோய், வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடிவிட்டான். விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்துவிட்டு உள்ளே போனோம். மூட்டையை மட்டும் இன்னும் ஒருத்தியும் அவிழ்க்கவில்லை.